சீலைக்குப் பின்னால் மூன்று வயலின்கள்

நேற்று இங்கே றேடியோத் தொழில் பழகுகிற உங்களில் ஒருவர் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். போன வருடம் "பேஸ் வேணும், பேஸ் வேணும்" என்று, அதாவது அடித்தொனி ஆழமாக இடிக்க வேண்டும் என்று, ஒற்றைக் காலில் நின்று வாங்கிப்போன ஒரு வாடிக்கையாளர், இந்த வருடம் அதே ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "உது குடம் உருட்டிற மாதிரிக் கிடக்கு, மாத்தித் தாங்கோ" என்கிறாராம். "ஆள் ஒரு நிலையிலை இல்லை ஐயா" என்றார் அந்தப் பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நிலையில் நின்ற வாடிக்கையாளரை நான் என் சேவைக் காலம் முழுவதிலும் கண்டதில்லை. வால்வு றேடியோ வந்தபோது சத்தம் பெரிதாக வேண்டும் என்றார்கள். பெரிதானதும் ஆழமாக வேண்டும் என்றார்கள். ஆழம் கிடைத்ததும் கூர்மை வேண்டும் என்றார்கள். ஸ்டீரியோ வந்ததும் வலக் காதுக்கும் இடக் காதுக்கும் தனித்தனியாக நியாயம் கேட்டார்கள். வயது போனதும் திரும்பி வந்து, "அந்தப் பழைய பெட்டி எங்கையும் கிடக்கோ தம்பி?" என்றார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. காது வளர்கிறது, களைக்கிறது, திரும்பவும் ஆசைப்படுகிறது.

ஆனால் இரண்டு பேருடைய காதுகள் இரண்டு திசைக்கு இழுக்க, நடுவில் நீங்கள் நிற்கவேண்டி வந்தால்? எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.  அதைத்தான் சொல்லப்போகிறேன். எந்தக் கம்பியை எங்கே பூட்டினேன் என்று கேட்காதீர்கள். அதை உங்கள் புத்தகத்தில் படிக்கலாம்.

அறுபதுகளின் தொடக்கம். வவுனியாவில் ஒரு றேடியோக் கடையில் எனக்கு வேலை. திருத்துவது, பூட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் நான்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய் என்று பஸ் போகிற இடத்துக்கு பஸ்ஸில் போவேன். பஸ் நின்றுவிடுகிற இடத்திலிருந்து யாருடைய லொறியிலாவது தொற்றிக்கொள்வேன். கடை முதலாளி எனக்குச் சொல்லித்தந்த தொழில் மந்திரம் ஒன்றே ஒன்று.

"சனம் கேக்கிறதைக் குடு. எது நல்லது எண்டு நீ தீர்ப்புச் சொல்லப் போகாதை. தீர்ப்புச் சொன்ன கடைக்காரன் ஈ ஓட்டுவான்."

கிளிநொச்சியில் குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டி, வாய்க்கால் தண்ணீரில் நெல் விதைத்துக்கொண்டிருந்த இடம். அங்கே நெல்லுக்குத்தும் மில் வைத்திருந்தவர் கந்தையா. நான் கந்தையா அண்ணை என்பேன். பெருத்த உடம்பு, பெருத்த குரல், பெருத்த மனம். நாள் முழுக்க இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று, மெல்லிய ஒலிகள் எல்லாம் தவிட்டோடு பறந்துவிட்டன என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆகவே அவருக்கு இசை என்றால் உடம்பில் வந்து இடிக்க வேண்டும். பெட்டியின் மேல் தேநீர்க் கோப்பையை வைப்பார். தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பினால்தான் அது பெட்டி. பாலை மரத்தில் அவர் செய்வித்த ஸ்பீக்கர் பெட்டி ஓர் அலுமாரி அளவு இருந்தது. அதைத் தூக்க நாலு மூட்டைக்காரர் வேண்டும்.

அவருடைய சிநேகிதர் அரசாங்க ஆஸ்பத்திரி அப்போதிக்கரி. பெரிய டொக்டர் இல்லாத ஊரில் மருந்து கலப்பவரும் அவரே, நோய் பார்ப்பவரும் அவரே. மெலிந்த மனிதர். நாள் முழுக்க அடுத்தவர் நெஞ்சில் குழாயை வைத்து, மூச்சுக்குள் ஒளிந்திருக்கிற சின்னச் சின்னச் சத்தங்களைத் தேடிப் பிடிப்பவர். பாட்டிலும் அவருக்கு அதுதான் வேண்டும். பாடுகிறவர் வாய் திறக்கும்போது உதடு பிரிகிற ஒலி, அடுத்த வரிக்கு முன் இழுக்கிற மூச்சு. அதற்காகக் கொழும்பிலிருந்து சின்னச் சின்ன ஸ்பீக்கர்களாக வரவழைத்து ஒரு தட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அதில் ஒரு பாட்டைப் போட்டால் கண்ணாடி வளையல் உடைவது போலச் சிலீர் என்று இருக்கும்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ருசிதான். மில்லில் கந்தையா அண்ணை வாங்கி வைத்த, றேடியோவும் இசைத்தட்டும் ஒன்றாயிருந்த முதல் றேடியோகிராமுக்கு முன்னால் ஞாயிறு பின்னேரங்களில் இருவரும் இரண்டு கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். அந்த நாளில் அவர்களுக்கு வேண்டியிருந்தது சத்தம் மட்டும். வாய்க்காலுக்கு அப்பால் கேட்டால் போதும். பிறகு ஒருவர் ஆழத்துக்குப் போனார், மற்றவர் கூர்மைக்குப் போனார். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் இரண்டு வீட்டிலும் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். ஒருநாள் வாய்த்தர்க்கம் முற்றிவிட்டது.

"ஐசே, உம்மடை பெட்டி வயித்தாலை கதைக்குது" என்றாராம் அப்போதிக்கரி.

"உம்மடை பெட்டிக்குத் தடிமன். அது மூக்காலை கதைக்குது. முதல் அதுக்கு மருந்து குடும்" என்றாராம் கந்தையா அண்ணை.

அன்றோடு பேச்சு நின்றது. ஒருவர் வருகிற ஒழுங்கையில் மற்றவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிற அளவுக்கு வந்துவிட்டது. அதுவும் சும்மா கிடந்திருக்கும். ஆனால் அந்தப் போகம் நெல் வெட்டி முடிந்து, குடியேற்றத் திட்டத்துச் சனம் சேர்ந்து தங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு நல்ல ஒலிப்பெட்டி வாங்குவதென்று முடிவெடுத்தார்கள். செய்தி கேட்க, பாட்டுக் கேட்க, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல இசையைப் போட்டுக் காட்ட. எந்த மாதிரி வாங்குவது? ஊரில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் அந்த இருவரும்தான். கந்தையா அண்ணையின் பெட்டி மாதிரித்தான் வேண்டும் என்று வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். அப்போதிக்கரியின் பெட்டி மாதிரி என்று அந்தப் பக்கம். கூட்டம் கூடுவதும் குலைவதுமாக இருந்தது. இப்படியே போனால் பெட்டியும் வராது, சனசமூக நிலையமும் இரண்டாகும் என்ற நிலை.

அப்போதுதான் பிலோமினா ரீச்சர் இதற்குள் வந்தா.

முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்துப் பெண். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலேயே வயலின் பழகி, ஆசிரியை ஆகி, கிளிநொச்சியில் படிப்பிக்க வந்திருந்தா. வயது முப்பதுக்குள் இருக்கும். வார்த்தை அளந்து வரும், ஆனால் வருகிறது நேராக வரும். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் அவ வயலின் வாசித்தா. சிறப்பு விருந்தினர் கந்தையா அண்ணை. வாசித்து முடிந்ததும் மேடையிலேயே எழும்பி, மனதார, கை கூப்பிச் சொன்னாராம்.

"அருமை, ரீச்சர், அருமை! ஆனா ஒண்டு சொல்லுவன், குறை நினைக்கப்படாது. உங்கட வயலினிலை பேஸ் காணாது."

கூட்டத்தில் இருந்த அப்போதிக்கரி பொறுக்கமாட்டாமல் எழும்பி, "பேஸ் இல்லை ஐசே, அந்த வில்லு நரம்பிலை உரசிற சத்தம்தான் தெளிவாய் வரேல்லை. என்ரை பெட்டியிலை எண்டால் அது கேக்கும்" என்றாராம்.

ரீச்சர் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறா.

"அப்ப ரெண்டு பேரும் என்னைவிட நல்லாய் வாசிக்கிற வயலின் உங்கட பெட்டிக்குள்ளை கிடக்கெண்டு சொல்லுறியள். சரி. மூண்டு பேரையும் ஒரு சீலைக்குப் பின்னாலை வைப்பம். சனம் கேக்கட்டும். ஆர் ரீச்சர், ஆர் பெட்டி எண்டு சொல்லட்டும்."

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. சனசமூக நிலையக் கூட்டத்தில் தீர்மானமே ஆகிவிட்டது. ரீச்சரின் வாசிப்பை முதலில் ரேப்பில், அதாவது ஒலிநாடாவில், பதிய வேண்டும். அதே ரேப்பை ஒருமுறை கந்தையா அண்ணையின் பெட்டியில், ஒருமுறை அப்போதிக்கரியின் பெட்டியில் போட வேண்டும். ஒருமுறை ரீச்சர் நேரே வாசிக்க வேண்டும். எந்த ஒழுங்கு என்பது ரீச்சருக்கும் சீலைக்குப் பின்னால் நிற்கிற எனக்கும் மட்டும் தெரியும். இதுதான் ரீச்சர் என்று சனம் எந்தப் பெட்டியைக் கேட்டுக் கூடுதலாக ஏமாறுகிறதோ, அந்த மாதிரிப் பெட்டிதான் வாங்குவது.

கடை முதலாளிக்குச் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "எது வெண்டாலும் நாங்கள்தானே விக்கப்போறம்! போ, போ. ஆனா கவனம், உன்ரை வாய் திறக்கப்படாது."

அந்த ஞாயிறு பின்னேரத்துக்கு மில்லில் நெல் அடுக்கி வைக்கிற ஸ்ரோரை ஒதுக்கினார்கள். நெல் ஏற்றிப்போன பிறகு வெறுமையாகக் கிடந்த பெரிய மண்டபம். குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைச்சீலையை இழுத்துக் கட்டினோம். மில் இயந்திரத்தை ஓட்டினால் அந்த இடியில் ஒன்றும் கேளாது. ஆகவே மில்லில் மேலதிகமாகக் கிடந்த லொறிப் பற்றறிகளைச் சுவருக்கு வெளியே வைத்து, அதிலிருந்து மின்சாரம் எடுத்தேன். காலையிலேயே எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, வாய்க்காலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் கந்தையா அண்ணை தன் பெட்டியை முழுச் சத்தத்தில் போட்டு, வருகிற சனத்துக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்! தேநீர்க் கோப்பையும் மேலே இருந்தது.

"அண்ணை, பற்றறி இறங்கிவிடும்."

"பயப்பிடாதை தம்பி. லொறிப் பற்றறி. யானை மாதிரி."

ஒருவாறு அவரை அனுப்பிவிட்டுப் பற்றறியைப் பார்த்தேன். கொஞ்சம் களைத்திருந்தது. ஆனாலும் போதும் என்றே பட்டது. வேறு பற்றறியும் இல்லை. மில் லொறி இரண்டும் வெளியூர் போயிருந்தன.

பின்னேரம் ஸ்ரோர் நிறைந்துவிட்டது. வயல் வேலை முடித்து வந்தவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த பெண்கள், போஸ்ட்மாஸ்டர், பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஒரு திருவிழாவுக்கு வந்தது போல ஒரு கலகலப்பு. முன்வரிசையில் ஒரு அந்தத்தில் கந்தையா அண்ணை, மறு அந்தத்தில் அப்போதிக்கரி. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சீலையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். சீலைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், அவற்றுக்கு நடுவில் ஒரு கதிரையில் பிலோமினா ரீச்சர், மடியில் வயலின். நான் ரேப் றெக்கோடருக்குப் பக்கத்தில் முழந்தாளில்.

ரீச்சர் ஒழுங்கைச் சொன்னா. முதலாவது அப்போதிக்கரியின் பெட்டி. இரண்டாவது கந்தையா அண்ணையின் பெட்டி. மூன்றாவது தான்.

முதலாவது அருமையாகப் போனது. அவ பதிந்திருந்தது கடற்கரைக் கோயில்களில் வாசிக்கிற ஒரு பழைய தோத்திர மெட்டு. மெதுவாகத் தொடங்கி, மேலே ஏறி, இறங்கி வந்து அடங்கும்.  முடிந்ததும் ஒரு முணுமுணுப்பு எழும்பி அடங்கியது.

ரேப்பைத் திரும்பச் சுற்றி, கம்பியை மாற்றி, இரண்டாவதைத் தொடங்கினேன். கந்தையா அண்ணையின் பெட்டி பெருமூச்சு விட்டதுபோல அந்த மெட்டை எடுத்தது. தரை அதிர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. மெட்டு மேலே ஏறுகிற இடம் வந்தது. அப்போது என் தோளில் ஒரு விரல் தட்டியது. ரீச்சர் குனிந்து என் காதுக்குள் சொன்னா.

"சுருதி இறங்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. றெக்கோடரின் முகத்தில் பச்சையாக மின்னுகிற கண் ஒன்று உண்டு. அதைப் பார்த்தேன். பச்சை வெளுத்துக்கொண்டு போனது. பற்றறி சாகிறது! இனி ஒரு சில நொடிகள். சுற்று மெதுவாகும், வயலின் எருமைபோல முனகும், பிறகு நிற்கும். ஊர் முழுக்க முன்னால் இருக்கிறது. கந்தையா அண்ணையின் பெட்டி நடுச்சபையில் செத்துப்போனால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். அப்போதிக்கரி ஒன்றும் செய்யாமலே வென்றுவிடுவார். பெட்டியின் குணத்தால் அல்ல, ஒரு பற்றறியின் களைப்பால் ஊர் ஒரு பெட்டியை வாங்கும். எழும்பிப் போய், நிறுத்துங்கள் என்று சொல்லலாம். சொன்னால் நாசம் பண்ணினது ஆர் என்ற சண்டை அங்கேயே தொடங்கும்.

இதெல்லாம் நான் இப்போது சொல்வதுபோல ஒழுங்காக நினைத்ததல்ல. எல்லாம் சேர்ந்து ஒரே சூடாகத் தலைக்குள் அடித்தது. கை என்னையறியாமல் சத்தத்தைக் குறைக்கிற திருகில் போய் நின்றது. நிமிர்ந்து ரீச்சரைப் பார்த்தேன். அவ அதற்குள் வயலினைத் தாடைக்குக் கீழே வைத்துவிட்டா! வில் உயர்ந்து நின்றது. கண்ணால் என்னைக் கேட்டா. நான் தலையாட்டினேன்.

வில் நரம்பைத் தொட்டது. பிள்ளைகளே, அந்த அழகை நான் எப்படிச் சொல்வேன்! பெட்டிக்குள் இருந்த வயலின் சுருதி இறங்கியிருந்தது அல்லவா? அவ விரலை நரம்பில் ஒரு மயிரிழை பின்னுக்கு வைத்து, அந்த இறங்கின சுருதிக்கே வந்து சேர்ந்துகொண்டா. இரண்டு வயலினும் ஒன்றாய் ஓடின. நான் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பெட்டி அடங்க அடங்க அவ எழும்பினா. பச்சைக் கண் அணைந்தது. சுற்று நின்றது. மெட்டு நிற்கவில்லை. மேலே ஏறி, தன் சரியான சுருதிக்கு மெல்ல மெல்லத் திரும்பி, இறங்கி வந்து, அடங்கியது. என் முதுகால் வியர்வை ஓடியது. ரீச்சர் வில்லை இறக்கி, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தா.

மூன்றாவதை, ஏற்கெனவே முடிவெடுத்தபடி, முதலிலிருந்து கடைசிவரை நேராக வாசித்தா.

போஸ்ட்மாஸ்டர் எழும்பி நின்று கேட்டார். "முதலாவதுதான் ரீச்சர் எண்டு நினைக்கிறவை கையைத் தூக்குங்கோ." அங்கொன்று இங்கொன்றாகக் கைகள். "ரெண்டாவது?" ஒரு காடு மாதிரிக் கைகள் எழும்பின! "மூண்டாவது?" பின்வரிசையில் கொஞ்சப் பேர், அதுவும் அரைவாசி உயர்த்தியபடி.

நான் சீலையின் ஓரத்தால் பார்த்தேன். இரண்டாவதுக்குக் கந்தையா அண்ணையின் கை எழும்பி நின்றது. மறு அந்தத்தில் அப்போதிக்கரியின் கையும் எழும்பி நின்றது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் மற்றவர் கையைக் கண்டதும் திகைத்துப்போனார்கள்.

கந்தையா அண்ணைக்கு இருக்கமுடியவில்லை. "அந்த மூண்டாவது கீச்சு ஆரின்ரை எண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை. அது தடிமன் பிடிச்ச பெட்டி!"

"மூண்டாவதோ? அது உம்மடை அலுமாரி ஐசே! பொத்தி வைச்ச மாதிரிக் கிடந்தது!"

"தம்பி, வெளியிலை வா! ரெண்டாவது ஆரெண்டு சொல்லு!"

சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சனம் முழுக்க என் வாயைப் பார்த்தது. பாருங்கள், எனக்கு முன்னால் இரண்டு வழிகள் திறந்து கிடந்தன, இரண்டும் அரை உண்மை. "உங்கட பெட்டிதான் அண்ணை" என்று சொன்னால் ஊர் ஏமாந்தது அந்தப் பெட்டியில்தான் என்றாகும். அவர் வென்றுவிடுவார், கடையில் இருக்கிற பெரிய பெட்டி விலைப்படும், முதலாளி என்னைத் தலையில் தூக்கி வைப்பார். "ரீச்சர்தான்" என்று சொன்னாலும் எல்லோருக்கும் சந்தோஷம். எல்லோரும் சரியாகச் சொன்னதாகப் போய்விடும். திரும்பி ரீச்சரைப் பார்த்தேன். அவ வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தா. ஒரு சைகையும் இல்லை. அதை என்னிடமே விட்டுவிட்டா.

"ரெண்டாவதிலை பாதி கந்தையா அண்ணையின்ரை பெட்டி. பாதி ரீச்சர்" என்றேன். "நடுவிலை பற்றறி செத்துப்போச்சு. அந்த இடத்திலை ரீச்சர் எடுத்து வாசிச்சவா."

 ஸ்ரோர் கூரையே பறந்துவிடும் போல ஆரவாரம்! ஆளுக்காள் எழும்பினார்கள். கந்தையா அண்ணை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். கோபமா, ஆச்சரியமா என்று தெரியாத முகம்.

"எவடத்திலை? எவடத்திலை மாறினது?"

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை."

அவர் வாயைத் திறந்தார். மெட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். மூடினார். அப்போதிக்கரியைப் பார்த்தார். அப்போதிக்கரி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார்.

"எனக்குத் தெரியேல்லை, கந்தையா."

"எனக்கும் தெரியேல்லை ஐசே!"

கந்தையா அண்ணை அந்த இடத்திலேயே, தன் நெல் ஸ்ரோரின் நடுவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அப்போதிக்கரியும் தொடங்கினார். சனமும் தொடங்கியது. கந்தையா அண்ணை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்த மூண்டாவது?" என்றார்.

"அது முழுக்க நான்" என்றா ரீச்சர். "பேஸ் காணாதோ?"

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். "ரீச்சர், அந்தச் சீலையைக் கழட்டிப்போட்டு இன்னொருக்கா வாசியுங்கோ. இந்த முறை நான் ஒண்டையும் நினைக்காமல் கேக்கிறன்."

சீலையைக் கழற்றினோம். மின்சாரமும் இல்லை, பெட்டியும் இல்லை. ரீச்சர் வாசித்தா. இரண்டு பேரும் நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கேட்டார்கள். அன்றைய போட்டியைக் கூட்டம் செல்லாது என்று ஆக்கியது. பெட்டி தெரிவு செய்கிற பொறுப்பை ரீச்சரோடு சேர்த்து மூன்று பேரிடமும் கொடுத்தது.

நான் வவுனியாவுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது முதலாளி என்னைப் பேசின பேச்சை இங்கே சொல்ல முடியாது. "விக்கப் போனவன் சத்தியம் பேசிப்போட்டு வந்து நிக்கிறான்" என்றது அதில் மெதுவான பகுதி.

அடுத்த சனிக்கிழமை கடை வாசலில் கந்தையா அண்ணையின் லொறி வந்து நின்றது. முன்னுக்குச் சாரதிக்குப் பக்கத்தில் அப்போதிக்கரியின் மனைவி, அவவுக்குப் பக்கத்தில் பிலோமினா ரீச்சர், மடியில் வயலின் பெட்டி. பின்னுக்கு, வெறும் சாக்குகளின் மேல், தூசியில் குளித்தபடி இரண்டு பேர். கடைக்குள் வந்ததும் கந்தையா அண்ணை முதலாளியிடம் சொன்னார்.

"எல்லாப் பெட்டியையும் போட்டுக் காட்டுங்கோ. ரேப் கொண்டுவந்திருக்கிறம். ரீச்சரும் வந்திருக்கிறா. ஒவ்வொரு பெட்டிக்குப் பிறகும் அவா கொஞ்சம் வாசிப்பா."

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! என்னைக் கடைக்குப் பின்னால் தேநீர் போடுகிற குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "இனி வாறவன் போறவன் எல்லாம் ஒரு வயலின்காறியைக் கூட்டிக்கொண்டு வந்தா நான் கடையைப் பூட்டவேண்டியதுதான்" என்று பல்லைக் கடித்தார். ஆனால் வந்திருந்தவர்களிடம் இல்லையென்று சொல்ல அவரால் முடியவில்லை.

பட்டணத்தில் மின்சாரம் இருந்தது, இந்த முறை பயமில்லை. பெட்டி பெட்டியாகப் போட்டோம். தெருவில் போனவர்கள் கடைக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒன்றில் ரீச்சரின் வயலின் கோயில் மணி மாதிரி வந்தது. "இது நான் இல்லை." இன்னொன்றில் ஊசி மாதிரி வந்தது. "இதுவும் நான் இல்லை." கந்தையா அண்ணையும் அப்போதிக்கரியும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டு, இப்போது ஒருவர் பெட்டியை மற்றவர் புகழ்கிற அளவுக்குத் தலைகீழாக மாறியிருந்தார்கள். முதலாளி காட்டவே நினைக்காத ஒன்று மேல்தட்டில் கிடந்தது. நடுத்தர அளவுப் பெட்டி, மினுக்கம் இல்லை, முகத்துத் துணி மங்கிப்போயிருந்தது. நான் அதை இறக்கிப் பூட்டினேன்.

மெட்டு தொடங்கியது. ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. மேலே ஏறுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவவின் முகம் சட்டென்று மாறியது.

"நிப்பாட்டுங்கோ. அந்த இடத்தைத் திருப்பிப் போடுங்கோ."

போட்டேன். இந்த முறை எனக்கும் கேட்டது. ஓரிடத்தில் அவவின் விரல் வழுக்கியிருக்கிறது. மிகச் சின்ன வழுக்கல். பெரிய பெட்டியின் இடியில் அது மறைந்துவிட்டது. சின்னப் பெட்டியின் சிலீரில் அது நரம்பு உரசுகிற சத்தமாகக் கேட்டிருக்கிறது. இந்தப் பெட்டி மட்டும் அதை உள்ளபடி சொல்லிவிட்டது.

"பதிஞ்ச அண்டைக்கு எனக்கே தெரியேல்லை" என்றா ரீச்சர். முகம் சிவந்திருந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தா. "ஓம், இது நான்தான். இதையே எடுங்கோ."

"இதிலை உங்கட பிழை கேக்குது ரீச்சர்!" என்று பதறினார் கந்தையா அண்ணை. "நாளைக்குச் சனசமூக நிலையத்திலை ஊர் முழுக்கக் கேக்குமே!"

"கேக்கட்டும். என்ரை பிள்ளையள் அதைக் கேட்டுத்தான் பழகவேணும். பிழையை மறைக்கிற பெட்டி, நல்லாய் வாசிச்சதையும் எங்கையோ மறைச்சிருக்கும்."

 முதலாளி முகத்துத் துணியை மாற்றித் தருவதாகச் சொல்லி, அதைத் தானே துடைத்துக் கட்டிக் கொடுத்தார். அதன் பிறகு, வாங்க வருகிறவர்களிடம் எது நல்லது என்று நான் சொல்வதை அவர் தடுத்ததில்லை. வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் கொடுங்கள் பிள்ளைகளே. அவர்களுடைய ருசி மாறும், திரும்ப மாறும், அதற்காக அவர்களைப் பகிடி பண்ணாதீர்கள். ஆனால் சபைக்கு நடுவில் வைத்து ஒருவர் உங்களைக் கேட்டால் பாதியைச் சொல்லாதீர்கள். முழுதாகச் சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் அது எல்லோருக்குமான சிரிப்பாக இருக்கட்டும்.

லொறி புறப்பட்டபோது நான் வாசலில் நின்று பார்த்தேன். முன்னுக்குப் பெண்கள் இருவரும் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னுக்குச் சாக்குகளின் மேல் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெட்டி. ஒருவர் ஒரு பக்கத்தையும் மற்றவர் மறு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லொறி திரும்பும் வரைக்கும் கந்தையா அண்ணையின் குரல் கேட்டது.

"இல்லை ஐசே, ரீச்சர் வழுக்கினது ஏறுகிறதுக்கு முதல்! நான் சொல்லுறன், முதல்!"

"முதல் எண்டால் எவ்வளவு முதல்? பாடிக் காட்டும் பாப்பம்!"

அவர் பாடத் தொடங்கினார். அப்போதிக்கரியும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் சுருதி துளியும் சேரவில்லை. தெருவில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது.